டிக்கி எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கட்டாதீர்கள்

ஒரே பெயர், ஒரே எஞ்சின், கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்று ஹேட்ச்பேக் (பின் கண்ணாடியோடு சேர்ந்தே திறக்கும் பின் கதவு), இன்னொன்று செடான் (பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தனி டிக்கி), பக்கத்திலேயே கொஞ்சம் உயரமாக ஒரு எஸ்யூவி. இந்த மூன்றுக்கும் நடுவில் நின்று குழம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஆண்டின் பெரும்பகுதி எனக்கு அந்தக் குழப்பத்திலேயே போனது. காரைப் பற்றித் தெரிந்தவர்கள் வீட்டில் யாரும் இல்லை. ஷோரூமுக்குத் தனியாகப் போனேன், தனியாகப் பேசினேன், கடைசியில் பணத்தை இழந்து தனியாகத் திரும்பினேன். கீழே சொல்லப்போவதில் பாதியை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பணமும் அலைச்சலும் மிச்சமாகியிருக்கும்.

அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதுவரை சொந்த வண்டி இல்லாமலேயே காலம் ஓடியது. சிகிச்சைக்குப் பிறகு பிசியோதெரபிக்கும் பரிசோதனைக்கும் அடிக்கடி போக வேண்டியிருந்தது. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு மடக்கு வீல்சேர். ஆக எனக்கு வேண்டியது இரண்டே விஷயம்: அம்மா வலியில்லாமல் ஏறி இறங்க வேண்டும், வீல்சேர் உள்ளே போக வேண்டும். இது எளிதான தேவை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த இரண்டுக்கும் நேரடியாகப் பதில் சொல்லும் எண் எந்தக் கார் விளம்பரத்திலும் இருக்காது.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். செடான்தான் மரியாதை என்றார் ஒருவர். எஸ்யூவிதான் பாதுகாப்பு என்றார் இன்னொருவர். ஷோரூமில் இருந்தவர் இரண்டையும் கேட்டுக்கொண்டு, "மேடம், ஹேட்ச்பேக்கும் செடானும் ஒரே கார்தான். செடான்ல டிக்கி பெரிசு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். வீல்சேர் போகுமா என்று கேட்டேன். டெமோ காரின் பின் இருக்கையை மடக்கிக் காட்டினார். இருக்கை 60:40 என்று பிரிந்து மடங்கியது. நீளமாக இடம் திறந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தச் செடானுக்கே முன்பணம் கட்டினேன், வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தேன், வண்டி வர வாரக்கணக்கில் காத்திருந்தேன்.

வண்டி வந்த அன்று வீல்சேரையும் எடுத்துக்கொண்டு போனேன். பின் இருக்கையை மடக்கச் சொன்னால் மடங்கவில்லை. நான் பதிவு செய்த வேரியண்டில் (அதே காரின் வசதியும் விலையும் குறைந்த பதிப்பில்) பின் இருக்கை மடங்காத ஒரே பலகை, டெமோ கார் மேல் வேரியண்ட் என்று அப்போதுதான் சொன்னார்கள். வீல்சேரை டிக்கி வழியாகவே நுழைக்கப் பார்த்தோம். உள்ளே இடம் தாராளமாக இருந்தது, ஆனால் வாய் சின்னது. பின் கண்ணாடிக்குக் கீழிருந்து பம்பர் வரை இருந்த திறப்பில் சக்கரம் முட்டி நின்றது. மேல் வேரியண்ட் என் கடன் வரம்பைத் தாண்டியது. வேண்டாம் என்றதும் முன்பணத்தில் ஏறக்குறைய கால்வாசியைப் பிடித்துக்கொண்டார்கள். பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தில் அந்த நிபந்தனை பொடி எழுத்தில் இருந்தது. மடங்கும் இருக்கை பற்றி வாயால் சொன்னதற்கு எழுத்தில் எந்தச் சாட்சியும் இல்லை. கடனுக்குக் கட்டிய கட்டணமும் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் இன்னொரு கார் அமையும் வரை வாடகை வண்டிக்குச் செலவழித்ததையும் சேர்த்தால் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலேயே போய்விட்டது. பணத்தை விட அம்மாவின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தன்னால்தான் இவ்வளவு அலைச்சல் என்று அவர் நினைத்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது வேரியண்ட் பற்றி. ஷோரூமில் நிற்கும் கார் பெரும்பாலும் எல்லா வசதியும் உள்ள மேல் வேரியண்டாகத்தான் இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் வேரியண்டிலேயே ஒரு வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். ஷோரூமில் இல்லையென்றால் டெலிவரிக்கு நிற்கும் வேறொரு வண்டியையாவது காட்டச் சொல்லிக் கேளுங்கள். இருக்கை மடங்குமா, ஓட்டுநர் இருக்கை உயரம் மாறுமா, ஸ்டீயரிங் முன்னும் பின்னும் நகருமா, பின் வைப்பர் உண்டா, ஏர்பேக் எத்தனை, ஸ்டெப்னி இருக்கிறதா அல்லது பஞ்சர் கிட் மட்டும்தானா என்று உங்களுக்கு முக்கியமான ஒவ்வொன்றையும் பதிவுப் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மாட்டோம் என்றால் அதே விவரத்தை மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற எண்ணைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது டிக்கி. லிட்டர் கணக்கு எப்படி வருகிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படும் முறையில் 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி எண்ணுகிறார்கள். ஒரு கட்டை சரியாக ஒரு லிட்டர். கட்டை சின்னது என்பதால் சக்கர மேட்டுக்குப் பக்கத்துச் சந்திலும் தரைக்கு அடியில் உள்ள பள்ளத்திலும் நுழைந்துவிடும். அந்தச் சந்தெல்லாம் லிட்டரில் சேரும், ஆனால் பெட்டியோ வீல்சேரோ அங்கே போகாது. ஹேட்ச்பேக்கில் டிக்கியை மேலே மூடும் பலகை வரைக்கும் அளந்தார்களா, கூரை வரைக்கும் அளந்தார்களா என்பதைப் பொறுத்தும் எண் மாறும். அதனால் இரண்டு காரை ஒப்பிடும்போது இரண்டு எண்ணும் ஒரே முறையில் அளந்தவைதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரே பெயருக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு டொயோட்டா கொரோல்லா நல்ல உதாரணம். 2018-இல் அறிமுகமான அதன் 12-ஆம் தலைமுறையின் ஐரோப்பியக் கணக்கில் ஹேட்ச்பேக்குக்கு 361 லிட்டர், செடானுக்கு 471, எஸ்டேட்டுக்கு (கூரை பின்முனை வரை நீளும் வகை) 596. அதே ஹேட்ச்பேக்கை 1.8 எஞ்சினுக்குப் பதிலாக 2.0 எஞ்சின் உள்ள ஹைபிரிடாக (பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்தது) எடுத்தால் 361 என்பது 313 ஆகிவிடும். எஞ்சினை மாற்றியதற்கே கிட்டத்தட்ட 50 லிட்டர் போய்விடுகிறது. வீல்பேஸும் (முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் நடுவிலான தூரம்) ஒன்றல்ல: ஹேட்ச்பேக்குக்கு 2640 மி.மீ., செடானுக்கும் எஸ்டேட்டுக்கும் 2700. அந்த 60 மி.மீ.யைப் பின் இருக்கையில் உட்காருபவரின் முழங்கால்தான் உணரும். "ஒரே கார்தான் மேடம்" என்ற பேச்சு இந்த எண்களுக்கு முன்னால் நிற்காது.

ஒரே பிளாட்ஃபார்ம் என்று சொல்வதையும் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபும் மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவும் ஒரே அடித்தளத்தில் உருவானவை. கோல்ஃபின் டிக்கி 380 லிட்டர், ஆக்டேவியாவுடையது 590. ஆக்டேவியா வெளியிலிருந்து பார்த்தால் செடான் மாதிரி இருக்கும், திறக்கும்போது பின் கண்ணாடியும் சேர்ந்தே மேலே போகும். இதை லிஃப்ட்பேக் என்கிறார்கள். இப்படி ஒரு வடிவம் இருப்பதே எனக்குத் தெரியாது. செடானின் தோற்றம் பிடிக்கும், ஆனால் பெரிய சாமான் ஏற்ற வேண்டும் என்பவர்கள் உங்கள் ஊர் சந்தையில் லிஃப்ட்பேக் ஏதாவது கிடைக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

ஆக, டிக்கியில் பார்க்க வேண்டியது மூன்று அளவு. முதலாவது திறப்பின் அகலமும் உயரமும், அதுவும் மிகக் குறுகிய இடத்தில் அளந்தது. இரண்டாவது தரையிலிருந்து விளிம்பு வரையிலான உயரம். மூன்றாவது அந்த விளிம்புக்கும் உள்தரைக்கும் நடுவில் உள்ள பள்ளம். நான் அளவு நாடாவோடு போக ஆரம்பித்த பிறகுதான் பேச்சு நேர்ப்பட்டது. சாதாரண வீல்சேரின் பெரிய சக்கரம் 24 அங்குலம், அதாவது 61 செ.மீ. விட்டம். சக்கரம் கழற்றும் வகை இல்லையென்றால் அந்த விட்டத்தை மனதில் வைத்துத்தான் திறப்பை அளக்க வேண்டும். கால் தாங்கியைக் கழற்றினால் நீளம் நன்றாகவே குறையும். எஸ்யூவியில் திறப்பு பெரிதாக இருந்தாலும் விளிம்பு உயரம். இரும்பு வீல்சேரை அந்த உயரத்துக்குத் தினமும் தூக்கப்போவது யார், அவருடைய முதுகு தாங்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் தூக்குவது நான் மட்டும்தான். குழந்தை வண்டி, இசைக்கருவி, தொழில் சாமான் என்று உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய பொருள் எதுவோ அதையே ஷோரூமுக்குக் கொண்டுபோங்கள். கூச்சப்பட வேண்டாம், வாங்கப்போவது நீங்கள்.

இருக்கை உயரம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. செடானிலும் தாழ்வான ஹேட்ச்பேக்கிலும் உட்காரும்போது உடம்பு கீழே இறங்குகிறது, முழங்கால் இடுப்புக்கு மேலே வந்துவிடுகிறது. மூட்டு மாற்றியவர்களுக்கு ஆகாத நிலையே அதுதான். பெரிய எஸ்யூவியில் நேர்மாறு: ஒரு காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும், இறங்கும்போது கால் தரையைத் தேடும். நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாக அப்படியே உட்காரும் உயரம்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது. உயரமான ஹேட்ச்பேக், சின்ன எம்பிவி (வேன் மாதிரி உயரமான குடும்பக் கார்), சில கிராஸ்ஓவர்கள் (கார் அடித்தளத்தில் கொஞ்சம் உயர்த்திக் கட்டியவை) இந்த உயரத்தில் வருகின்றன. சில சின்ன எஸ்யூவிகள் வெளியே மிரட்டலாக இருந்தாலும் உள்ளே இருக்கை அவ்வளவு உயரமில்லை. கூரைப் பட்டையும் சக்கர வளைவு பிளாஸ்டிக்கும் சேர்ந்து அப்படிக் காட்டுகின்றன. தரையிலிருந்து இருக்கை மேல்பரப்பு வரை அளந்து, அதை வீட்டில் அவர் சௌகரியமாக எழுந்து உட்காரும் நாற்காலியின் உயரத்தோடு ஒப்பிடுங்கள்.

உயரத்தோடு வேறு சிலவும் சேர்ந்து வருகின்றன. கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, வாசல் பலகை எவ்வளவு அகலம், கதவின் மேல் விளிம்பில் தலை இடிக்கிறதா, பிடித்து எழ மேலே கைப்பிடி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கூரை பின்னால் சரிந்து இறங்கும் கூப்பே வகை எஸ்யூவிகளில் பின் கதவு வழியாக ஏறும்போது தலையைச் சாய்த்தே ஆக வேண்டும். அம்மாவுக்கு முன் இருக்கைதான் சரிப்பட்டது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன முறை இது: இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்மானத்தையும் கொஞ்சம் சாய்த்து, முதலில் பின்புறமாக உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவது. இருக்கை போதுமான அளவு பின்னால் போகாத கார்களில் இது முடியவே இல்லை. அதனால் ஏறப்போகும் ஆளையே அழைத்துப்போக வேண்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன நாட்களில், நான் மணிக்கணக்கில் படித்துப் போட்ட பட்டியல் கார் கதவைத் திறந்த சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்தது.

மின்சாரக் கார்களையும் பார்த்தேன். பல மாடல்களில் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் உள்தரை உயர்ந்துவிடுகிறது. இருக்கை உயரமாகத் தெரியும், ஆனால் கால் வைக்கும் இடமும் கூடவே உயர்ந்திருக்கும், அதனால் பின் இருக்கையில் தொடை இருக்கையில் படாமல் முழங்கால் தூக்கி நிற்கும். எல்லா மின்சாரக் காரும் அப்படி இல்லை, உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழு பேர் கார் வாங்குபவர்கள் மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டு மிச்சம் எவ்வளவு டிக்கி என்று பாருங்கள். ஏழு பேரும் ஏழு பெட்டியும் சேர்ந்து போகும் கார் அபூர்வம்.

ஹேட்ச்பேக்கா எஸ்யூவியா என்ற கேள்வியில் எரிபொருளும் டயரும் பின்னாலிருந்து வந்து தாக்கும் செலவுகள். ஒரே எஞ்சினை உயரமான கூட்டில் வைத்தால் எடையும் கூடும், காற்றை எதிர்கொள்ளும் முகப்பும் பெரிதாகும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காக ஏறுவதால் ஊருக்குள் தெரியாத வித்தியாசம் நெடுஞ்சாலையில் தெரியும். டயருக்கு வந்தால், அதன் எண்ணில் முதலாவது மி.மீ.யில் அகலம், இரண்டாவது பக்கச் சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், கடைசி அங்குலத்தில் வீல் விட்டம்: 205/55 ஆர்16 என்பதில் பக்கச் சுவர் ஏறக்குறைய 113 மி.மீ., 225/45 ஆர்17 என்பதில் 101. மொத்த விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் பள்ளத்தில் இறங்கும்போது அதிர்வை வாங்க இருக்கும் ரப்பர் குறைவு. மேல் வேரியண்டில் அழகுக்காகக் கொடுக்கும் பெரிய வீல் அம்மாவின் இடுப்புக்குத் தேவையில்லாத அதிர்வைத்தான் கொடுத்தது. மாற்றும்போது அந்த டயரின் விலையும் கூடுதல். கீழ் வேரியண்டே நல்லது என்று நான் நம்பும் ஒரே இடம் இதுதான்.

பழைய காரையும் புதிய காரையும் ஒப்பிடுபவர்கள் மைலேஜ் எண்ணில் ஏமாற வாய்ப்பு அதிகம். ஐரோப்பாவில் 2017 செப்டம்பரில் புதிய வகைக் கார்களுக்கும், 2018 செப்டம்பரில் விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களுக்கும் டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறை வந்தது. அதற்கு முந்தைய என்இடிசி முறையில் எண்கள் நிஜத்தை விட மிக அழகாக இருந்தன. 2015 மாடலின் எண்ணையும் 2020 மாடலின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழைய கார்தான் சிக்கனம் என்று தோன்றிவிடும். பாதுகாப்பு நட்சத்திரமும் அப்படித்தான். 1997 முதல் முடிவுகளை வெளியிட்டுவரும் ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் விதிகளை அவ்வப்போது கடினமாக்கிக்கொண்டே வருகிறது. பத்து வருடத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் சமமல்ல. எந்த ஆண்டில், எந்த நாட்டு வேரியண்டைச் சோதித்தார்கள் என்று சேர்த்துப் பாருங்கள். முன்பக்க மோதல் முடிவை ஒத்த எடையுள்ள கார்களோடு மட்டும் ஒப்பிட வேண்டும். சின்ன காருக்கும் பெரிய எஸ்யூவிக்கும் ஒரே நட்சத்திரம் என்பதால் இரண்டும் மோதிக்கொண்டால் சேதமும் சமம் என்று ஆகாது.

டெஸ்ட் டிரைவுக்கு அவர்கள் காட்டும் வழியை விட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் சாலையில் ஓட்டுங்கள். ஒப்பிடும் இரண்டு காரையும் முடிந்தால் ஒரே நாளில் ஓட்டிவிட வேண்டும், நாள் தள்ளிப்போனால் ஞாபகம் கலந்துவிடும். நான் ஒரு முறை பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வேறொருவரை ஓட்டச் சொன்னேன், அதில் தெரிந்தது அதிகம். ஹேட்ச்பேக்கில் டிக்கியும் உள்ளறையும் ஒரே கூடம் என்பதால் பின் சக்கரச் சத்தம் உள்ளே வரும். செடானில் நடுவே தடுப்பு இருப்பதால் அது குறைவு. முன் கண்ணாடி ஓரத் தூண் தடிமனாக இருந்தால் திருப்பத்தில் நடந்து போகிறவரையே மறைத்துவிடும், எனக்கு ஒரு கிராஸ்ஓவரில் அப்படி நடந்து உடம்பு நடுங்கிவிட்டது. இரவில் ஓட்ட வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள், வேரியண்டுக்கு வேரியண்ட் முன்விளக்கு மாறுகிறது.

கடைசியில் நாங்கள் எடுத்தது கொஞ்சம் பழைய, உயரமான ஹேட்ச்பேக். வீல்சேர் நிமிர்ந்த நிலையிலேயே பின்னால் போகிறது, அம்மா என் கையைப் பிடிக்காமல் ஏறுகிறார். குறையும் உண்டு: நெடுஞ்சாலையில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் வண்டி அசைகிறது, எஞ்சின் சத்தம் உள்ளே கேட்கிறது, சாமானை மறைத்து வைக்க மூடிய டிக்கி இல்லை. இதெல்லாம் தெரிந்தே எடுத்ததால் மனக்குறை இல்லை. இந்த முறை பணம் கைமாறும் முன்பு, சேஸிஸ் எண், வேரியண்ட் பெயர், தயாரித்த மாதம் மூன்றையும் வண்டியிலும் காகிதத்திலும் ஒத்துப்பார்த்து, இருக்கைகளை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்தி, வீல்சேரை ஏற்றி இறக்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். விற்றவர் பொறுமையாக நின்று, தூக்குவதற்கு ஒரு கை கொடுத்தார்.